தட்டுக்குக் கீழே ஒன்றரை அடி

டிசம்பர் 3, செவ்வாய்

போதும். இருபத்திரண்டு வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். இனி எழுதப் போகிறேன். முதலில் இந்த நோட்டில். பிறகு எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே.

படகோட்டிகள் சங்கத்தின் மாத இதழ் இன்று வந்தது. சந்தாவை நிறுத்தச் சொல்லி இரண்டு முறை எழுதியும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். மொத்தம் நூற்றுப் பத்து உறுப்பினர்கள். சொந்தமாகப் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் ஒன்பது பேர். மற்றவர்கள் வருடாந்திரச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள். எட்டாம் பக்கத்தில் சபாநாயகத்தின் படம். அவனும் அவன் மனைவி ரூபாவதியும் இரண்டே பேராகப் பாண்டிச்சேரியிலிருந்து போர்ட் பிளேருக்குப் பாய்மரப் படகில் போகப் போகிறார்கள். ஜனவரி 22 புறப்பாடு. கீழே ஒரு வரி: ‘2002-லேயே நம் சங்கத்தின் முதல் கட்டர் படகை வடிவமைத்தவர்.’

வடிவமைத்தவர். ஒருமை.

அந்தப் படகின் பாய்மரம், பாய்கள், மரத்தைத் தாங்கும் கம்பிகள் எல்லாம் நான் வரைந்தவை. பதினான்கு மாத உழைப்பு. வரைபடத்தின் வலது கீழ்மூலையில் வரைந்தவர் பெயருக்கென்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் இரண்டு பெயர்கள் இருந்தன: சபாநாயகம், பிலவேந்திரன். சபா என் பெயரைப் பிளேடால் சுரண்டி எடுத்தான். டிரேசிங் தாளில் மையைச் சுரண்டினால் அந்த இடம் மட்டும் வெளிறி மெலிந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை போலத் தெரியும். பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

இதழுக்கு ஒரு கடிதம் எழுதுவேன். ஜனவரி இதழில் வர வேண்டும். வழியனுப்பு விழாவில் மாலையோடு நிற்கும்போது அது அவன் கையில் இருக்க வேண்டும்.

இடது கடைவாய்ப் பல் மறுபடி வலிக்கிறது.

டிசம்பர் 4, புதன்

சிலிண்டர் வந்தது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் என் வண்டி நிற்கும் இடத்தில் மறுபடியும் தன் காரை நிறுத்தியிருக்கிறார். குறித்துக்கொண்டேன்.

டிசம்பர் 6, வெள்ளி

பேச்சு எடுத்தால் வந்து நிற்பான் என்பார்கள். காலையில் போன்.

“டேய் பிலா, நான்தான். வெச்சிடாதே.”

“யாரு பேசறது?” தெரிந்துதான் கேட்டேன்.

“சபாடா. ஒரு பஞ்சாயத்து. வீட்டுல சண்டை. நீதான் தீர்ப்பு சொல்லணும்.”

பின்னாலிருந்து ரூபாவதியின் குரல். “ஸ்பீக்கர்ல போடுங்க. நீங்க கேள்வியையே தப்பா கேப்பீங்க.”

படகு முப்பத்தாறு அடி. ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வாங்கியது. இப்போது அது ஸ்லூப்: ஒரு மரம், மரத்துக்குப் பின்னால் ஒரு பாய், முன்னால் ஒரே ஒரு பெரிய பாய். அதைக் கட்டராக மாற்ற வேண்டும் என்கிறாள் ரூபாவதி. கட்டரில் முன்பக்கம் ஒன்றுக்குப் பதில் இரண்டு சிறிய பாய்கள், ஒன்றன்பின் ஒன்றாக. அதற்கு மரத்துக்கும் படகின் மூக்குக்கும் நடுவே தளத்தில் இன்னொரு கம்பியை இழுத்துக் கட்ட வேண்டும்.

“ஸ்லூப்னா ஒரே பாய். சுருட்டுனா சுருளும், விரிச்சா விரியும்” என்றான் சபா. “கட்டர்னா ரெண்டு பாய், நாலு கயிறு. படகைத் திருப்பும்போதெல்லாம் பெரிய பாய் உள்கம்பியில போய் சிக்கும். ரெண்டு பேருக்கு எதுக்குடா அவ்ளோ கயிறு?”

“அண்ணா, நான் நாப்பத்தெட்டு கிலோ” என்றாள் ரூபாவதி. “அந்தப் பெரிய பாய்ல காத்து நிறைஞ்சா நான் கயித்தை இழுக்கல, கயிறுதான் என்னை இழுக்குது. நாலு மணி நேரம் இவர் தூங்குவார், நாலு மணி நேரம் நான். நான் பார்க்கற நேரத்துல காத்து ஏறினா?”

“எழுப்பு. எழுப்பறதுல என்ன?”

“உங்களை நீங்க எழுப்பிப் பார்த்திருக்கீங்களா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று எழுதி வைக்கிறேன்.

கேட்டதற்குப் பதில் சொன்னேன். ஜனவரியில் வங்காள விரிகுடாவில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். போர்ட் பிளேர் வரை ஏழெட்டு நாள் ஏறக்குறைய அதற்கு முகம் கொடுத்தே போக வேண்டும். பெரிய முன்பாயைப் பாதி சுருட்டினால் அது தொப்பை போட்டுக்கொண்டு படகைப் பக்கவாட்டில் தள்ளும். கட்டரில் வெளிப்பாயை முழுதாகச் சுருட்டிவிட்டு, மரத்தை ஒட்டி நிற்கும் சின்ன உள்பாயோடு போகலாம். அதை நாற்பத்தெட்டு கிலோ ஆள் ஒரு கையால் கட்டிவிடலாம். குளத்தில் ஓட்டுகிறவனுக்கு ஸ்லூப் போதும். மனைவியோடு கடலுக்குப் போகிறவனுக்குக் கட்டர்.

“கேட்டீங்களா!” என்று ரூபாவதி கத்தினாள்.

சபா ஸ்பீக்கரை நிறுத்தினான். பிறகு, “சரிடா. தீர்ப்பு தீர்ப்புதான்” என்றான்.

இது தொழில்முறை அபிப்பிராயம். அவன் மனைவியின் முன்னால் அவனைத் தோற்கடித்தது அதில் சேராது. ஆனால் இனித்தது. மதியம் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டேன், வலது பக்கமாகவே மென்று.

டிசம்பர் 15, ஞாயிறு

சபா ஒரு புகைப்படம் அனுப்பியிருக்கிறான். 2002 வரைபடம். என்னுடையது. மடித்த இடமெல்லாம் பழுப்பேறி, கிழிந்த ஓரத்தில் டேப் ஒட்டி. மூலைக் கட்டத்தில் அந்த வெளிறிய இடம்.

‘புதுசா எதுக்குடா வரையணும்? உன் படத்தையே எடுத்து அளவை மட்டும் மாத்திப் போடறோம். பட்டறைல வேலை ஆரம்பிச்சாச்சு.’

திருடிய பொருளைத் திருடப்பட்டவனுக்கே காட்டுகிறான்.

அந்தப் படத்தில் ஒரு இடம் இருக்கிறது. உள்கம்பி தளத்தை மேல்நோக்கி இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்கத் தளத்துக்குக் கீழே ஒரு இரும்புக் கம்பி இறங்கும். எங்கள் கூட்டுவேலையில் ஒரு விதி இருந்தது: தளத்துக்கு மேலே எல்லாம் என்னுடையது, கீழே எல்லாம் அவனுடையது. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் பென்சில் நுழையாது. கல்லூரியிலிருந்தே அப்படி, சண்டை வராமல் இருக்க அவன் செய்த ஏற்பாடு. அந்தக் கம்பி எல்லையைத் தாண்டிக் கீழே இறங்குவது. அது போய் முடியும் இடத்துக்குக் கீழே அவன் ஒரு தண்ணீர்த் தொட்டி வரைந்து வைத்திருந்தான். அந்த வாரம் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் இப்போது நினைவில்லை. ஏதோ ஒரு ஸ்கேல்.

இதைப் பற்றி இன்று இவ்வளவு போதும்.

அந்தப் படகின் பாய்மரம் 2002 மார்ச்சில் சாய்ந்தது. சந்தையில் தான் வாங்கிய பழைய இணைப்பு வளையம் ஒடிந்துவிட்டது என்று விபத்து விசாரணையில் சபாவே சொன்னான். பதிவாகியிருக்கிறது.

மூன்று முறை பதில் தட்டினேன். மூன்றையும் அழித்தேன். கடைசியில் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

பாண்டிச்சேரி போய்வந்தேன். அவன் நான்கு முறை கூப்பிட்டான். கடிதத்துக்குத் தகவல் சேகரிக்கவென்று போனேன்.

பட்டறை அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில். தகரக் கொட்டகை, பிசின் நாற்றம், முட்டுக்கட்டைகளின் மேல் படகு. சபாவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. இப்போது தண்ணீர் மோட்டார் விற்கிறான்; அதற்கு உரிய தொப்பை. கட்டிப் பிடித்துக்கொண்டான். நான் கையைத் தொங்கவிட்டபடி நின்றேன். டீ வந்தது. வலது கையின் மூன்று விரல்களால் கிளாஸைப் பிடித்தான். மற்ற இரண்டும் மரம் விழுந்தபோது போனவை. பார்க்காமல் இருக்க முடியவில்லை.

படகின் மூக்குப் பக்கம் உள்ளே தவழ்ந்து போனோம். நங்கூரப் பெட்டி. அங்கே மேஸ்திரி கோதண்டம் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். அறுபது வயதிருக்கும், கைகளில் காய்ந்த பிசின்.

“சார், நீங்கதான் படம் போட்டவரா? ஒரு டவுட்டு. மேல இருந்து ரெண்டு டன்னு இழுக்கும்ன்றாரு. இந்தக் கம்பி வந்து இந்த பிளைவுட் தட்டுல முடியுது. தட்டுக்குக் கீழ ஒண்ணரை அடி காலி. அப்பாலதான் படகோட அடி. இத்த நேரா அடி வரிக்கும் இறக்கிட்டா இன்னா?”

நான் பதில் சொல்லுமுன் சபா சிரித்தான்.

“யோவ் கோதண்டம், யார் கிட்ட டவுட்டு கேக்கற? இவன் கணக்குல ஒரு மில்லிமீட்டர் தப்பு வராது. காலேஜ்ல வாத்தியாரே இவன் விடையைப் பார்த்துதான் திருத்துவார்.”

“இல்ல சார், எனக்குப் பட்டதச் சொன்னேன்.”

“அன்னிக்குப் புட்டுக்கிட்டது படம் இல்லய்யா. நான் வாங்கின ஓட்டை வளையம். அம்பது ரூபா மிச்சம் பிடிக்கப் பார்த்தேன், ரெண்டு விரல் போச்சு. இந்த வாட்டி வளையம் ஜெர்மனிலேர்ந்து வருது.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். டார்ச் வெளிச்சம் தட்டின் மேல் இருந்தது. பதினெட்டு மில்லிமீட்டர் பிளைவுட். கீழே இந்தப் படகில் தண்ணீர்த் தொட்டி கூட இல்லை. வெறும் இடம்.

“படத்துல எப்படி இருக்கோ அப்படியே பண்ணுங்க” என்றேன்.

கோதண்டம் தலையாட்டிவிட்டு டார்ச்சை அணைத்தார்.

டிசம்பர் 23, திங்கள்

பல் டாக்டர். வேர்ச் சிகிச்சை, மூன்று தடவை வர வேண்டுமாம். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார். வலி போய்விடும் என்று நினைத்தேன் என்றேன். “எல்லாரும் அதையேதான் சார் சொல்றாங்க” என்றார். இந்த டாக்டரையும் எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 25, புதன்

காலைப் பூசை. மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம். நான் மன்னிக்காதவர்களை மனதுக்குள் எண்ணினேன். பதினேழு வரை வந்தேன். என்னை விட்டுப் போன மனைவி ஸ்டெல்லா, அப்படிப் போகச் சொல்லிக் கொடுத்த அவள் அண்ணன், எனக்குப் பதவி உயர்வு தராத இரண்டு அதிகாரிகள், குடியிருப்புச் செயலாளர். முதலிடம் சபா. காணிக்கைத் தட்டு வந்தபோது எண்ணிக்கை விட்டுப்போனது.

டிசம்பர் 30, திங்கள்

ரூபாவதி வந்தாள். கண் பரிசோதனைக்குச் சென்னை வந்தவள், புதுக் கண்ணாடியோடும் ஒரு டப்பா முந்திரிக் கொத்தோடும் வாசலில் நின்றாள். தண்ணீர் கொடுத்தேன். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அதற்காகக் கொஞ்சம் மதிப்பு.

“நாலு நாளா உள்பாயைக் கட்டிக் கட்டிப் பழகறேன் அண்ணா, கொட்டாய்லயே. கண்ணை மூடிக்கிட்டே கட்டறேன் இப்ப. பயம் போயிடுச்சு. நீங்க அன்னிக்கு ஸ்லூப்னு சொல்லியிருந்தா நான் வர மாட்டேன்னே சொல்லியிருப்பேன். நீங்க சொன்னதாலதான் கிளம்பறேன்.”

இந்த வாக்கியத்தை அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

எனக்கு வேறு பேச்சு தேவைப்பட்டது. “இதழ்ல படம் நல்லா வந்திருக்கு” என்றேன். “வடிவமைத்தவர்னு போட்டிருக்காங்க.”

அவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“அண்ணா, அது இன்னும் மனசுல இருக்கா?”

“எது?”

“பேரு. சுரண்டினது உங்களுக்குத் தெரியும்னு இவருக்குத் தெரியாது. நான் கண்டுபிடிச்சேன். இருபத்திரண்டு வருஷம் யாரும் சும்மா பேசாம இருக்க மாட்டாங்க.” கண்ணாடியை விரலால் துடைத்தாள். “பிளேடு நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இவருக்கு வலது கையில கட்டு. இடது கையால சுரண்டினார். அதான் தாளே மெலிஞ்சு போச்சு.”

முந்திரிக் கொத்து டப்பாவைத் திறந்து மூடினேன்.

“விசாரணைக்குப் படத்தைக் கொடுக்கணும்னு கடிதம் வந்துது. உங்களுக்கு வேலைக்கு ஆர்டர் வந்து பத்து நாள் ஆகியிருந்தது, கப்பல் பரிசோதனை ஆபீஸ்ல. விசாரணைல பேரு வந்தா அந்த வேலை நிக்குமா? ‘எனக்குத்தான் இனிமே கை இல்ல, அவனாவது வரையட்டும்’னார்.”

“என் கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க நேரா விசாரணைக்குப் போய் கையைத் தூக்குவீங்கன்னார். ‘பிலா அப்படிப்பட்ட ஆளு’ன்னார்.”

அவள் போன பிறகு இதை எழுதுகிறேன். முதல் கேள்வி: யாரைக் கேட்டுச் செய்தான்? என் பெயர், என் வரைபடம், என் வேலை. என்னை வைத்து ஒரு தியாகம் செய்து, அதையும் சொல்லாமல் வைத்துக்கொண்டு, இருபத்திரண்டு வருடம் என்னைத் தெரியாத்தனமாக வெறுக்க விட்டிருக்கிறான். திருடியிருந்தால் கூட மரியாதையாக இருந்திருக்கும்.

இரண்டாவது கேள்வி, நான் கையைத் தூக்கியிருப்பேனா என்பது. இதற்கு இந்த நோட்டில் பதில் எழுத வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

ஜனவரி 2, வியாழன்

இதழுக்கான கடிதத்தை நான்கு முறை தொடங்கினேன். ‘ஆசிரியருக்கு. டிசம்பர் இதழின் எட்டாம் பக்கத்தில்...’ தேதிகளைச் சரியாகப் போட வேண்டும் என்று பழைய கோப்பை எடுத்தேன். தேதிகள்: படகு இறங்கியது, 2002 பிப்ரவரி 10. மரம் சாய்ந்தது, மார்ச் 17. எனக்கு வேலை உத்தரவு, ஏப்ரல் 2. பெயர் சுரண்டிய வரைபடம் விசாரணைக்குப் போனது, ஏப்ரல் 12.

பத்து நாள். அவள் சொன்னது சரி. இந்தத் தேதிகள் எல்லாம் என் கோப்பிலேயே, என் கையெழுத்திலேயே இருந்தன. அடுத்தடுத்த பக்கங்களில்.

கோப்பின் கடைசியில் இன்னொரு தாள் உண்டு. 2002 ஜூன் 9, ஞாயிறு. அந்த உள்கம்பியின் கணக்கை அன்று நான் மறுபடி போட்டிருக்கிறேன். ஆளில்லாத புதிய அலுவலகத்தில் உட்கார்ந்து, புதிய கால்குலேட்டரில். தட்டு தாங்க வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தாங்கும். வளையம் ஒடியவில்லை. தட்டு பிய்ந்து, தளம் தூக்கிக்கொண்டு, அதன் பிறகே மரம் போயிருக்கிறது. வளையம் அதற்கப்புறம் ஒடிந்திருக்கும். ஒடிந்ததைத்தான் அவன் கண்டான்.

ஒரு தொட்டியை ஆறு அங்குலம் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். அந்த வாரம் நான் அவனோடு பேசவில்லை.

விசாரணை அப்போது முடிந்துவிட்டது. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது என் வழக்கம்.

இதை எழுதி முடித்ததும் கோபம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. இருபத்திரண்டு வருடமாகச் சேர்த்து வைத்தது. ஒரு நாளில் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

ஜனவரி 5, ஞாயிறு

பல்: இரண்டாவது தடவை. கஞ்சி.

ஜனவரி 9, வியாழன்

சபாவின் போன். படகு தண்ணீரில் இறங்கிவிட்டது. நேற்று சோதனை ஓட்டம்.

“கல்லு மாதிரி நிக்குதுடா! உள்கம்பியைத் தட்டினா வீணை மாதிரி சத்தம். என்னா படம்டா போட்டிருக்க!”

“காத்து எவ்வளவு இருந்தது?”

“மெல்லிசுதான். பத்து நாட் வேகம்.”

பத்து நாட்டில் அட்டையே தாங்கும். இருபத்தைந்து நாட் எதிர்க்காற்றில், அலை மோத மோத, ஐந்து மணி நேரம் போன பிறகுதான் தட்டு பேச ஆரம்பிக்கும். அப்போது கரை நூறு கடல்மைல் பின்னால் இருக்கும். காற்று ஏறியதும் ரூபாவதி பெரிய பாயைச் சுருட்டிவிட்டு உள்பாயை நம்புவாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு கட்டக் கற்றுக்கொண்ட பாய்.

“என்னடா சத்தத்தையே காணோம்?” என்றான்.

“பல்லுவலி.”

“கிராம்பு வை. உனக்கு எப்பவும் வாயில ஏதாவது ஒண்ணு.”

வைத்துவிட்டேன். போனை.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

ரூபாவதியிடமிருந்து ஒரு குரல் பதிவு. பின்னணியில் தண்ணீர் தளும்பும் சத்தம். படகிலேயே பொங்கல் வைத்திருக்கிறார்கள்.

“அண்ணா, பொங்கல் வாழ்த்து! ஒரு விஷயம் சொல்லணும். வெளிப்பாய், உள்பாய்னு கத்தினா காத்துல ரெண்டும் ஒண்ணா கேக்குது. அதனால உள்பாய்க்கு இவர் உங்க பேரை வச்சுட்டார். ‘பிலாவை ஏத்து, பிலாவை இறக்கு’ன்னுதான் இப்ப பேச்சு. நேத்து பிலா ஒரு கொடியில போய் மாட்டிக்கிட்டு வரவே மாட்டேன்னு அடம். இவர் சொல்றார், ‘பேருக்கு ஏத்த மாதிரியே முறைச்சுக்கிட்டு நிக்கறான் பாரு’ன்னு...” அதற்குமேல் அவள் சிரிப்பு. பிறகு தூரத்தில் அவன் குரல்: “அனுப்பாதடி, அவன் கோச்சுக்குவான்!”

ஐந்து முறை கேட்டேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான்.

இன்று தபால் அலுவலகம் விடுமுறை. அதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 16, வியாழன்

போன் செய்தேன். ரூபாவதி எடுத்தாள். “சொல்லுங்க அண்ணா” என்றாள். ‘அந்தக் கம்பி’ என்று ஆரம்பித்தால் அடுத்து ‘எப்போதிலிருந்து தெரியும்?’ என்று வரும். மூன்று வாரத்துக்கு முன் அந்தப் பெட்டிக்குள் குந்திக்கொண்டு நான் சொன்ன வாக்கியம் வரும். அதற்குப் பின்னால் 2002 ஜூன் வரும். அவனுடைய இரண்டு விரல்கள் வரும்.

“ஊறுகாய் எடுத்துக்கிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“மூணு பாட்டில்!” என்றாள்.

வைத்துவிட்டு மேசையைத் துடைத்தேன். தாள் இருந்தது. பேனாவில் மை உறைந்திருந்தது, வெந்நீரில் கழுவினேன். பதினோரு மணிக்கு ஆரம்பித்து மாலை நான்குக்கு முடித்தேன். நங்கூரப் பெட்டியின் வெட்டுத் தோற்றம். கம்பி தட்டைத் துளைத்துக்கொண்டு ஒன்றரை அடி கீழே இறங்குகிறது. அடியில் இரும்புத் தகடு, நான்கு போல்ட், மேலே கண்ணாடி இழை ஆறு அடுக்கு. படகைத் தண்ணீரிலிருந்து ஏற்ற வேண்டியதில்லை. கோதண்டம் இரண்டு நாளில் முடித்துவிடுவார். அவர் கேட்டதும் இதைத்தான்.

கீழே நான்கு வரி எழுதினேன்: ‘பழைய படம் தவறு. கம்பி தட்டில் முடியக் கூடாது. 2002-ல் முதலில் பிய்ந்தது தட்டு; வளையம் அல்ல. இதைச் செய்யாமல் புறப்பட வேண்டாம்.’

என் ஏழுகளுக்கு நடுவே எப்போதும் ஒரு சின்னக் கோடு இருக்கும். கல்லூரியில் சபா அதைக் கிண்டல் செய்வான், ஏழுக்குப் பூணூல் போடுகிறேன் என்று. படத்தில் மூன்று ஏழுகள் வந்தன. கோட்டை விடலாமா என்று யோசித்தேன். கை தானாகப் போட்டுவிட்டது.

ஜனவரி 17, வெள்ளி

தபால் அலுவலகத்துக்குப் போய்த் திரும்பி வந்தேன். சாதாரணத் தபால் எப்போது போய்ச் சேரும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. ஸ்பீட் போஸ்ட் நாளைக் காலை போட்டால் திங்கட்கிழமை பட்டறையில் இருக்கும். செவ்வாய் ஒரு நாள் மிச்சம். போதாவிட்டால் புறப்பாட்டைத் தள்ளி வைக்கட்டும்.

“அனுப்புனர் பேர் எழுதல சார்” என்று கவுண்டர் பெண் உறையைத் திருப்பித் தந்தாள்.

“பேர் இல்லாம போகாதா?”

“போன் நம்பர், பேர் ரெண்டும் வேணும் சார். திரும்பி வந்தா யாருக்குக் கொடுக்கறது?”

நியாயமான கேள்வி. வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

இதழுக்கு எழுதிய நான்கு கடிதங்களையும் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். இரண்டாவதில் ‘களவாடிய கை’ என்று ஒரு சொற்றொடர் இருக்கிறது. எந்தக் கை என்று இப்போது தெரியும். நான்கையும் மடித்துக் கோப்பில் வைத்தேன், 2002 ஜூன் தாளுக்கு மேலே.

கையெழுத்துப் போடலாம். போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் வண்டி எடுத்துக்கொண்டு நேரே இங்கே வருவான். மூன்று விரல் கையால் கட்டிப் பிடித்துக்கொள்வான். ‘நீயே கண்டுபிடிச்சுச் சொன்னியேடா, அது போதும்’ என்பான். மன்னித்துவிடுவான், அவனுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. அதை நான் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். முடியாது. அந்தச் சந்தோஷத்தை அவனுக்குக் கொடுக்க மாட்டேன்.

அவன் என்னைக் கேட்காமல் எனக்கு ஒரு நன்மை செய்தான். நானும் அவனைக் கேட்காமல் ஒன்று செய்கிறேன். யார் என்று கேட்கட்டும். ஏழுகளைப் பார்த்துத் தெரிந்துகொள்வான். ஆனால் கையெழுத்து இல்லாததால் வாய் திறந்து நன்றி சொல்ல முடியாது. சொல்ல முடியாத ஒன்றை அவனும் சுமந்துகொண்டு திரியட்டும், கடல் முழுக்க, போர்ட் பிளேர் வரைக்கும். திரும்பி வரும்போதும்.

உறையில் ‘அனுப்புனர்’ என்ற இடத்தில் அந்தப் பட்டறையின் முகவரியையே எழுதிவிட்டேன், கோதண்டம் என்ற பெயரில், பட்டறைப் போன் நம்பரோடு. பெறுநர் சபா, அதே முகவரி. தவறு ஒன்றும் இல்லை. கம்பியைக் கீழே இறக்கச் சொன்னவர் அவர்தான். திரும்பி வந்தாலும் அங்கேதான் போய்ச் சேரும்.

வரைபடத்தின் மூலைக் கட்டத்தை மட்டும் கடைசியாக ஒரு முறை பார்த்தேன். கோடு போட்டு வைத்திருக்கிறேன், உள்ளே ஒன்றும் எழுதவில்லை. அப்படியே உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். காலை பத்து மணிக்குக் கவுண்டர் திறக்கும். பெயரில்லாமல் அனுப்புகிறேன்.